காதில் விட்ட பால்

மண்ணடி, சென்னை
5-6-1983

ராபியாவுக்கு ஆமினா அக்கா எழுதுவது. ஸலாம்.

நீயாக எழுதமாட்டாய், நான்தான் முதலில் எழுத வேண்டும் என்று நமக்குள் ஒரு சட்டம் இருக்கிறது போல. பழவேற்காட்டை விட்டு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டில் இருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நாள் முழுக்கக் கேட்ட உன் குரல், இப்போது வருஷத்துக்கு ஒரு கடிதமாகச் சுருங்கிவிட்டது. சரி, அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு காரியமாக எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்குப் பத்து நாளாக இடது காதில் குத்து வலி. டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து எரிகிறதாம். பாட்டிலை எடுத்தாலே ஐம்பத்தெட்டு வயது மனுஷர் மாடிக்கு ஓடுகிறார். "ராபியாவக் கேளு, நம்ம புள்ள உமருக்குக் காது வலி வந்தப்ப அவதானே பார்த்தா"ன்னு அவரே சொன்னார். கோட்டைக்குப்பத்து ஆட்கள் காதில் உப்புத்தண்ணீர் போய்விட்டால் உன் வாசலில் வந்து நிற்பது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. என்ன போட வேண்டும், எவ்வளவு போட வேண்டும் என்று தெளிவாக எழுது. நான் சமைக்கிற மாதிரி மருந்து செய்தால் அவர் காது போய்விடும்.

உமருக்குத் துறைமுகத்தில் கிளியரிங் ஆபீஸில் வேலை நிரந்தரமாகிவிட்டது. மீசை வைத்திருக்கிறான், பார்க்கச் சகிக்கவில்லை. உன்னையும் அக்தரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

ஆமினா

பழவேற்காடு
10-6-1983

ஆமினா அக்காவுக்கு ராபியாவின் ஸலாம். நான் சொல்லச் சொல்ல அக்தர் எழுதுகிறாள். எழுத்துப் பிழை இருந்தால் அவளுடையது, பேச்சு தடித்திருந்தால் என்னுடையது.

முதலில் மச்சானின் காதிலிருந்து சீழ் வடிகிறதா என்று பாருங்கள். வடிந்தால் எதையும் விடாதீர்கள், ஒரு சொட்டுகூட. போன மாதம் கோட்டைக்குப்பம் எல்லம்மாவின் புருஷன் பொன்னுரங்கம் ஏரியில் முழுகி, கல்லில் மாட்டிய வலையை எடுத்துவிட்டு, சீழ் வடியும் காதோடு வந்து உட்கார்ந்தார். "இன்னாம்மா, ரெண்டு சொட்டு எண்ணெய் வுட்டா இன்னா கொறஞ்சி பூடுவே"ன்னு கெஞ்சினார். நான் விடவில்லை, பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே போனாராம். குணமான பிறகு எல்லம்மாவிடம் ஒரு கூடை இறால் கொடுத்தனுப்பினார்.

வடியவில்லை என்றால், நாலு பல் பூண்டை நசுக்கி ஒரு சின்னக் கரண்டி நல்லெண்ணெயில் போட்டு, சிறு தீயில் வையுங்கள். பூண்டு சிவப்பதற்குள் இறக்கிவிட வேண்டும். வெள்ளைத் துணியில் வடிகட்டி ஆறவிட்டு, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடு தெரியாத பக்குவத்தில் காதுக்கு மூன்று சொட்டு. கால் மணி நேரம் ஒருக்களித்துப் படுத்திருக்கட்டும். கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, காதுக்குப் பின்னால் ஒத்தடம் கொடுங்கள். சளியால் வந்த வலி என்றால் துளசியைக் கசக்கிப் பிழிந்த சாறே போதும். நாளை மறுநாள் நோன்பு தொடங்குகிறது. நோன்பு திறந்த பிறகுதான் விட வேண்டும். பகலில் காதில் மருந்து விட்டால் நோன்பு முறிந்துவிடும் என்பது மச்சானுக்குத் தெரியும், ஆனால் வலி வந்தால் மறந்துவிடுவார்.

உமருக்குச் செய்தது இது இல்லை. பத்து மாதப் பிள்ளைக்குப் பூண்டு எண்ணெய் காந்தும். நீங்கள் டைபாய்டு வந்து பொன்னேரி ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் அவன் என்னிடம்தானே இருந்தான். அக்தர் பிறந்து நாற்பது நாள் கழிந்திருந்தது. என் பாலைத்தான் அவன் காதில் விட்டேன், வேளைக்கு நாலு சொட்டாக இரண்டு நாள். வலி நின்றுவிட்டது. அந்த வைத்தியம் மச்சானுக்கு ஆகாது, இந்த வயதில் நீங்கள் பாலுக்கு எங்கே போவீர்கள். இதை எழுதமாட்டேன் என்று அக்தர் பேனாவை வைத்துவிட்டாள், அதட்டி எழுத வைத்தேன்.

என் வலது காதும் அப்படியேதான் இருக்கிறது. அக்தர் அப்பா படகு கவிழ்ந்து மௌத்தான மறு வருஷம் வந்த வலி, மாதத்தில் நாலு நாள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காது மருந்தில் ஒரு சங்கடம் பாருங்கள். வயிற்று மருந்தை நாமே குடித்துக்கொள்ளலாம், கால் தைலத்தை நாமே தேய்த்துக்கொள்ளலாம். காதுக்கு மட்டும் இன்னொரு ஆள் வேண்டும். ஒரு தடவை நானே விட்டுக்கொள்ளப் பார்த்தேன், தலையணையும் கழுத்தும் எண்ணெயானதுதான் மிச்சம். அக்தர் மடியில் தலையை வைத்தால் ஒரு சொட்டு சிந்தாமல் விடுவாள்.

ராபியா

மண்ணடி
17-7-1983

ராபியா,

பெருநாள் நல்லபடியாகக் கழிந்ததா. இங்கே உன் பூண்டு எண்ணெயால் குணமானதா, டாக்டர் மருந்தால் குணமானதா என்று ஒரு பட்டிமன்றமே நடந்துகொண்டிருக்கிறது. காது நன்றாகத் திறந்துவிட்டது. இனி நான் திட்டுவதெல்லாம் முழுதாகக் கேட்குமே என்பதுதான் உன் மச்சானுக்குக் கவலை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அக்தரை உமருக்குக் கொடு.

பெண் தேடுகிறோம் என்று சொன்னதும் புரோக்கர்கள் நாலு போட்டோ கொண்டுவந்தார்கள். இவன் ஒன்றையும் தொடவில்லை. "பழவேற்காட்டுல ராபியா சாச்சி பொண்ண கேளும்மா. மத்தது எனுக்கு வேணாம்"னு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். இரண்டு வருஷம் முன்பு தர்கா கந்தூரிக்கு வந்தபோது, நீங்கள் ஓலைப்பெட்டி பின்னிக்கொண்டிருந்த இடத்தில் கதவிடுக்கில் அவளைப் பார்த்திருக்கிறான். எனக்குத் தெரியாமல் இரண்டு வருஷமாக மனதில் வைத்திருந்தானே என்று ஆச்சரியமாக இருந்தது.

நகை, சீர் என்று எதுவும் பேச வேண்டாம். எங்கள் வீடு இரண்டு அறை, ஒன்பது பேர் இருக்கிறோம், அதை மறைக்கமாட்டேன். அக்தர் சமாளிப்பாள். மாதம் ஒருமுறை உன்னைப் பார்க்க அனுப்பிவைப்பேன். சரி என்று ஒரு வரி எழுது, நானும் உன் மச்சானும் பஸ் ஏறி வந்துவிடுகிறோம்.

ஆமினா

பழவேற்காடு
30-7-1983

அக்காவுக்கு ஸலாம்.

இதை நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பதிலை என் பெயருக்கே போடுங்கள். தபால்காரர் பகலில் வருவார், அந்நேரம் அக்தர் பெட்டி பின்னும் கூடத்துக்குப் போயிருப்பாள்.

உங்கள் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டியவள் அவள்தான். கல்யாணப் பேச்சு வந்த இடத்தில் குரல் நின்றது. காகிதத்தை என் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைய குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்திருந்தது.

அக்கா, இந்தக் கல்யாணம் கூடாது. உமர் காதில் நான் என் பாலை விட்டிருக்கிறேன். என் பால் உள்ளே போன பிள்ளை எனக்குப் பிள்ளை, அக்தருக்கு அண்ணன். காதில் விட்டதுதானே என்பீர்கள். நோன்பில் காதில் மருந்து விட்டால் நோன்பு முறிகிறதே, ஏன்? காது வழியாகவும் உள்ளே போகிறது என்பதால்தானே. மருந்து போகும் என்றால் பாலும் போகும். பாலைப் பற்றி அந்தக் கடிதத்தில் எழுதியது நல்லதாகப் போயிற்று, இல்லையென்றால் மறந்தே போயிருப்பேன்.

பிள்ளைக்கு வேறு இடம் பாருங்கள். என் மேல் வருத்தம் வேண்டாம்.

ராபியா

மண்ணடி
18-8-1983

ராபியா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் பயந்துபோனேன். ஆனால் பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கவில்லை. உன் மச்சானை எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அனுப்பினேன். அவர் மூன்று கிதாபுகளைப் புரட்டிப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

நோன்பின் சட்டம் வேறு, பாலின் சட்டம் வேறு. பால் உறவு உண்டாக வேண்டுமென்றால் பிள்ளை இரண்டு வயதுக்குள் இருக்க வேண்டும், பால் அதன் வயிற்றுக்குப் போய்ப் பசியாற்றியிருக்க வேண்டும். அதுவும் ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல, நாம் பின்பற்றும் மத்ஹப் சட்டப்படி தனித்தனியாக ஐந்து தடவை. காதில் விட்ட பால் மருந்துதான். அதனால் யாரும் யாருக்கும் அண்ணன் தங்கை ஆகமாட்டார்கள். "அந்தம்மா மனசப் போட்டுக் கொழப்பிக்க வேணாம்னு சொல்லுங்க. சந்தோஷமா நிக்காஹ் பண்ணுங்க"ன்னு சொல்லியனுப்பினார்.

அப்பாடா என்று இருந்தது. உமர் அன்றைக்கு மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றான், தங்கம் போல் இருந்தான். இனி உன் பக்கம் சாக்கு ஒன்றும் இல்லை. எந்த மாதம் வரட்டும், அதை மட்டும் எழுது.

ஆமினா

பழவேற்காடு
4-9-1983

அக்கா,

போன கடிதத்தில் நான் முழுதாகச் சொல்லவில்லை. வெட்கத்தால் விட்டுவிட்டேன்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது உமர் புட்டிப்பால் குடிக்கவில்லை. கரண்டியால் கொடுத்தால் துப்பினான். உங்கள் மாமியாருக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று உள் அறையில் வைத்து நான் மார்பில் போட்டுக்கொண்டேன். ஒரு நாள் அல்ல, நாலு நாள். ஆறு ஏழு தடவை இருக்கும், ஐந்துக்குக் குறையாது.

ஹஜ்ரத்திடம் இதையும் சொல்லிவிடுங்கள். இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

ராபியா

மண்ணடி
25-9-1983

ராபியா,

மூன்று வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

இருபத்திரண்டு வருஷம் இதை என்னிடம் சொல்லாமல் எப்படி இருந்தாய்? நான் பிழைத்து வந்த நாளில் பிள்ளையை என் கையில் கொடுத்தாயே, அப்போதே சொல்லியிருந்தால் உன் கையைப் பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன். என் பால் வற்றிப்போனதில் நான் எவ்வளவு அழுதேன் என்று உனக்குத் தெரியும். என் பிள்ளைக்குப் பசியாற்றியதை ஏதோ திருட்டு மாதிரி மறைத்திருக்கிறாய். இவன் வந்து பெண் கேட்ட பிறகுதான் உனக்கு வாய் திறந்ததா? என் மாமியாரும் இப்போது இல்லை, கேட்டுப் பார்க்க ஒருவரும் இல்லை. எனக்கு ஒரு கெட்ட எண்ணம்கூட வந்தது. அதை எழுதமாட்டேன். உன்னை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும்.

ஹஜ்ரத், பால் கொடுத்தேன் என்று ஒரு பெண் தன் வாயால் சொன்ன பிறகு விலகிக்கொள்வதுதான் பேணுதல் என்றார். விலகிக்கொண்டோம்.

உமர் இரண்டு நாள் ஆபீஸ் போகவில்லை.

ஆமினா

மண்ணடி
4-12-1983

ராபியா,

நீ பதில் போடவில்லை. போடமாட்டாய் என்று தெரியும். நான் கோபமாக எழுதியதை மனதில் வைக்காதே, பிள்ளையின் முகத்தைப் பார்த்து எழுதிய கோபம் அது.

உமருக்குப் பெண் முடிவாகிவிட்டது. ராயபுரத்தில், நல்ல மாதிரியான குடும்பம். ஜனவரி பதின்மூன்று வெள்ளிக்கிழமை நிக்காஹ். பத்திரிகை தனியாக வரும்.

இத்துடன் வரும் பார்சலில் இருக்கும் புடவை நான் எடுத்தது இல்லை, உமர் எடுத்தது. என்னைக்கூடக் கடைக்குக் கூட்டிப் போகவில்லை. "பால் குடுத்த அம்மாவுக்கு நான் எடுக்கிறேன்"னு சொன்னான். அவன் மனதைச் சரிசெய்துகொண்ட விதத்தைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கிறது. பெண்டாட்டி கிடைக்காவிட்டாலும் ஒரு அம்மாவும் தங்கையும் கிடைத்தார்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். நிக்காஹ்வுக்கு நீ அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார வேண்டும். மாப்பிள்ளைக்குத் தங்கை முறையில் செய்ய வேண்டியதை அக்தர் வந்து செய்ய வேண்டும்.

வந்துவிடு ராபியா. எனக்கும் இங்கே பேச ஆள் இல்லை.

ஆமினா

பழவேற்காடு
8-1-1984

அக்கா,

இந்தக் கடிதத்தை முழுதும் படித்துவிட்டுப் பிறகு என்னைத் திட்டுங்கள்.

உமருக்கு நான் பால் கொடுக்கவில்லை. ஒரு தடவைகூட மார்பில் போடவில்லை. அவன் புட்டிப்பாலை நன்றாகவே குடித்தான். காதில் விட்டது மட்டும்தான் நிஜம்.

ஜூலையில் எழுதியது பொய் இல்லை. காதில் விட்டாலும் பால் உறவு வந்துவிடும் என்று அப்போது உண்மையாகவே நினைத்தேன். ஆனால் அப்படி நினைத்தபோது எனக்குத் துக்கமாக இல்லை அக்கா, நிம்மதியாக இருந்தது. ஹஜ்ரத் கூடும் என்று சொன்னார் என்ற உங்கள் கடிதம் வந்த அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. அதில் ஐந்து தடவை என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டுதான் பொய் சொன்னேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பன்னிரண்டு வருஷம் இந்த வீட்டில் மூன்று பேராக இருந்தோம், பத்து வருஷமாக இரண்டு பேராக இருக்கிறோம். அவர் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்த அன்றிலிருந்து நான் பேசுவது அக்தர் ஒருத்தியிடம்தான். அவளும் போய்விட்டால் நான் காலையில் எழுந்து யாரிடம் என்ன சொல்வேன்? காது வலி வரும் நாட்களில் அவள் மடியில் தலை வைத்துப் படுப்பேன். எண்ணெய் இறங்கும்வரை அவள் என் தலைமுடியைக் கோதிக்கொண்டிருப்பாள். இந்த உலகத்தில் என்னைத் தொடுகிற கை அது ஒன்றுதான். அதை மண்ணடிக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. வெளியூரில் கொடுக்காமல் உள்ளூரிலேயே ஒரு இடம் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். அவளுக்கு உமர்தான் வேண்டும் என்பதைத் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

அவளிடமும் அதே பொய்யைச் சொன்னேன். "எத்தினி தடவம்மா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஆறு ஏழு என்றேன். தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்களும் வியாழனும் நோன்பு வைக்க ஆரம்பித்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. போன வாரம் மிகவும் இளைத்துப்போய்விட்டாள், அதனால் கேட்டேன். "கூடப் பொறந்த மாதிரி அண்ணன ரெண்டு வருசமா மாப்பிள்ளையா நெனச்சினு இருந்தனேம்மா. அந்தப் பாவம் போக வேணாமா"ன்னு சொல்லி அழுதாள்.

என்னால் தாங்க முடியவில்லை. செய்யாத பாவத்துக்கு என் பிள்ளை பட்டினி கிடக்கிறாள். உமர் எடுத்த புடவையைப் பெட்டியில் வைத்திருக்கிறேன், தொட்டுப் பார்க்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

ராயபுரத்துப் பெண் வீட்டாருக்கு இது அவமானம்தான், எனக்குத் தெரியும். இருந்தாலும் நிக்காஹ் இன்னும் ஆகவில்லை. நிறுத்திவிடுங்கள். எல்லார் முன்னாலும் நான் வந்து நின்று, பொய் சொன்னது நான்தான் என்று சொல்கிறேன். அக்தரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் இங்கே தனியாக இருந்துகொள்கிறேன். உங்கள் பதில் வந்த பிறகுதான் அக்தரிடம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன்.

ராபியா

மண்ணடி
22-1-1984

ராபியா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நிக்காஹ் வெள்ளிக்கிழமை.

வீடு நிறைய ஆட்கள். பந்தல்காரர் வாசலில் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் நின்று படித்தேன். படித்து முடித்ததும் உமர் வந்து, "ராபியா அம்மா லெட்டரா? வர்றாங்களா?"ன்னு கேட்டான். எனக்கு ஒரு நிமிஷம் கொடுத்தான் அல்லாஹ். அந்த ஒரு நிமிஷத்தில் ராயபுரத்தில் மருதாணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணை நினைத்தேன். "உடம்பு சரியில்லையாம், வரலையாம்"னு சொல்லிவிட்டேன். கடிதத்தை அரிசி டின்னுக்குள் போட்டேன். வெள்ளிக்கிழமை நிக்காஹ் நடந்தது.

யாரிடமும் சொல்லவில்லை, உன் மச்சானிடம்கூட. மருமகள் நல்ல பெண். உமர் வந்து சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் நின்று விசிறுகிறாள். இனி இதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்?

உன் பொய்யை மன்னித்துவிட்டேன் என்று எழுத நினைத்தேன், கை வரவில்லை. உன்னைத் திட்டலாம் என்று நினைத்தேன், அதற்கும் எனக்கு இப்போது வாய் இல்லை. நாலு மாதம் இருந்ததே உனக்கு. ஒரு வாரம் முன்னால் எழுதியிருந்தால்கூட நான் வேறு மாதிரி இருந்திருப்பேனோ என்னவோ. இல்லை, அதுவும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

அக்தரிடம் சொல்லாதே. நாம் இரண்டு பேரும் இதை வைத்துக்கொள்வோம்.

ஆமினா

பழவேற்காடு
9-3-1984, வெள்ளி

அக்கா,

அக்தரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதம் வந்த மூன்றாம் நாள், அவள் மறுபடி நோன்பு வைக்க எழுந்தபோது சொன்னேன். என்னால் நோன்புக்கான அந்த விடிகாலைச் சோற்றைப் பரிமாற முடியவில்லை. அவள் கத்தவில்லை. "அப்ப நான் பாவம் எதுவும் பண்ணல, இல்லம்மா?"ன்னு கேட்டாள். இல்லை என்றேன். "அது போதும்"னு சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. வேலையெல்லாம் செய்கிறாள். நான் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எண்ணெயைச் சுட வைத்து எடுத்துவந்து விடுகிறாள். விட்டு முடித்ததும் என் தலைக்குக் கீழே தலையணையை வைத்துவிட்டு எழுந்துபோய்விடுகிறாள்.

நான் எழுத வந்தது அது இல்லை. இன்றைக்கு உமர் மனைவியோடு வந்திருந்தான். உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தானா என்று தெரியவில்லை. வாசலில் நின்று "அம்மா"ன்னு கூப்பிட்டான். அவன் அப்படிக் கூப்பிட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை உங்களிடம் மறைக்கமாட்டேன்.

அக்தர் நடுவீட்டில் உட்கார்ந்து ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள். அவன் குரல் கேட்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் பாலைக் குடித்த அண்ணன் என்றால் அவன் முன்னால் அவள் தாராளமாக வரலாம், போகலாம். அந்நிய ஆண் என்றால் ஒதுங்கத்தான் வேண்டும். அவளுக்கு இப்போது உண்மை தெரியும், அதனால் சரியானதைச் செய்தாள். அவனுக்குத் தெரியாது.

சாப்பிட்டார்கள். எல்லம்மா கொண்டுவந்த நண்டை வைத்துச் சமைத்திருந்தேன். மருமகள் கலகலப்பாகப் பேசினாள், உள்ளே போய் அக்தரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டும் வந்தாள். உமர் தங்கைக்கென்று கண்ணாடி வளையல் வாங்கி வந்திருந்தான். கையில் வைத்துக்கொண்டே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்பும்போது அந்தக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்று, "தங்கச்சி, அண்ணன்தானே வந்துகீறேன். எங்கிட்ட இன்னா கூச்சம்? ஒரு தடவ வெளிய வந்து வாங்கிக்கோ"ன்னு சொன்னான். கதவு திறக்கவில்லை. வளையலைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்து, மனைவிக்குக் கேட்காமல், "எம்மேல கோவமா இருக்குதாம்மா? பொண்ணு கேட்டு அனுப்பிச்சேன்னு தப்பா எடுத்துக்கிச்சா? எனுக்கு அப்ப தெரியாதும்மா"ன்னு சொன்னான். கண் கலங்கியிருந்தது.

அவன் ஒரு தப்பும் செய்யவில்லை என்று சொல்ல என் வாயில் வந்தது. சொன்னால், பிறகு அவள் ஏன் ஒளிகிறாள் என்று கேட்பான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அவன் தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போயிருக்கிறான்.

அவர்கள் போய் இரண்டு மணி நேரம் ஆகிறது. அக்தர் இன்னும் கதவைத் திறக்கவில்லை. நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வருவானாம், தங்கையின் கோபத்தைத் தீர்க்காமல் விடமாட்டானாம். வேண்டாம் அக்கா. அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மருமகளுக்குத் தெரிய வேண்டாம், அவனுக்கு மட்டும் தெரியட்டும். அம்மா என்று கூப்பிட்ட வாயால் அவன் என்னைத் திட்டட்டும், இனி இந்த வாசலுக்கு வராமல் போகட்டும். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

ராபியா